அவரை யார் கூப்பிட்டார்கள்?

வாசகர் கேள்வி: நியூ ஜெர்சியில் பல வருடங்களாக இருக்கிறேன். மென்பொருள் வேலை. மகள் எட்டாம் வகுப்பு. அவள் பள்ளியில் ஒரு கறுப்பின மாணவியைச் சில பையன்கள் இனத்தைச் சொல்லி இழிவாகப் பேசியிருக்கிறார்கள். பள்ளி மெத்தனமாக இருந்தது என்று புகார். பள்ளி வாரியக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். எங்கள் ஊரே இல்லாத ஒருவர் மைக்கைப் பிடித்து, "இந்தச் சமூகம் கோருகிறது, பள்ளிகளின் தலைமை நிர்வாகியான சூப்பரின்டென்டென்ட் பதவி விலக வேண்டும்" என்றார். ஆளுக்கு மூன்று நிமிடம்தான். அவர் எட்டு நிமிடம் பேசினார். அந்தப் பெண்ணின் அம்மா ஒரு ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் உள்ளூர் டிவியிலும் அவர்தான். வெறுத்துப்போய் அலுவலகத்தில் மதிய உணவின்போது என் கறுப்பின நண்பரிடம், "இவர்களையெல்லாம் உங்கள் தலைவர்களாக யார் தேர்ந்தெடுத்தது?" என்று கேட்டுவிட்டேன். "என்னையும் யாரும் கேட்கவில்லை" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அதற்கப்புறம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இதற்கிடையே ஆசியப் பெற்றோர் வாட்ஸப் குழுவில் ஓர் அறிக்கை தயாராகிறது. அடுத்த கூட்டத்தில் நான் வாசிக்க வேண்டுமாம். என் எரிச்சல் தவறா? இவர்களில் யார் உண்மையானவர், யார் விளம்பரப் பிரியர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நண்பரிடம் என்ன சொல்வது?

அன்புள்ள நண்பருக்கு,

எரிச்சல் தவறில்லை. அதை யார் தலையில் கொண்டுபோய் இறக்கினீர்கள் என்பதில்தான் சிக்கல். அதைக் கடைசியில் பார்ப்போம்.

பள்ளி, நகராட்சி, அலுவலகம் என்று இனப் பிரச்சினை வெடித்த இடங்களில் இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசவைப்பது என் தொழில். மைக் பிடிக்கிறவர்கள் மேல் உங்களுக்கு வந்த கோபத்தைவிடப் பெரிய கோபம் பல சமயம் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கே இருக்கும். ஆனால் அவர்களால் அதை வெளியில் சொல்ல முடியாது. சொன்னால், "பார், அவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை" என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும். அதையும் மீறிச் சொன்னவர் சமரியா ரைஸ். 2014 நவம்பரில் க்ளீவ்லண்டில், பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்த அவருடைய 12 வயது மகன் டமீரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. 2021 மார்ச்சில், கிராமி விருது மேடையில் ஒரு பிரபல செயற்பாட்டாளர் தோன்றிய சில நாட்களுக்குள், மகனைப் போலீஸிடம் பறிகொடுத்த இன்னொரு தாயோடு சேர்ந்து அவர் ஓர் அறிக்கை விட்டார். எங்களுக்குப் பிரதிநிதியாக இருக்கச் சொல்லி இவர்களை நாங்கள் நியமிக்கவில்லை, எங்கள் பிள்ளைகளின் சாவை வைத்து ஆதாயம் தேடுவதை நிறுத்துங்கள் என்பதுதான் அதன் சாரம். நீங்கள் கூட்டத்தில் உட்கார்ந்து மனதுக்குள் சொன்னதை, சொல்வதற்கு எல்லாரையும்விட உரிமை உள்ளவர் பொதுவெளியில் சொல்லியிருக்கிறார்.

ஆனால் "இவரை யார் தேர்ந்தெடுத்தது?" என்ற உங்கள் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் ஓர் இடத்துக்கும் போய்ச் சேர மாட்டோம். 1892-ல் மெம்ஃபிஸில் மளிகைக் கடை நடத்திய மூன்று கறுப்பினத்தவரை ஒரு கும்பல் சிறையிலிருந்து இழுத்துப்போய்ச் சுட்டுக் கொன்றது. ஐடா பி. வெல்ஸ் என்ற இளம் பத்திரிகையாளர் அதை எழுதினார். சில வாரங்களில் அவருடைய பத்திரிகை அலுவலகத்தை அடித்து நொறுக்கினார்கள். அவர் நிறுத்தவில்லை. கும்பல் கொலைகளை ஒவ்வொன்றாகத் தோண்டி, வெள்ளையர் நடத்திய பத்திரிகைகள் தாங்களே அச்சிட்ட எண்ணிக்கைகளை வைத்தே அவர்களுக்குப் பதில் சொன்னார். அவரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அவராகத்தான் கிளம்பினார். தானாகக் கிளம்பியதைக் குற்றமாக்கினால் முதலில் அவரைத்தான் கூண்டில் ஏற்ற வேண்டியிருக்கும்.

1963 ஏப்ரலில் பர்மிங்ஹாம் நகரத்தில் போராட்டம் நடந்தபோது, அலபாமாவைச் சேர்ந்த எட்டு வெள்ளை மதத் தலைவர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். போராட்டத்தில் வெளியாட்களின் கை இருக்கிறது என்பது அவர்களுடைய குறை. மார்ட்டின் லூதர் கிங் சிறையிலிருந்து அதற்குப் பதில் எழுதினார். எங்கோ ஓரிடத்தில் நடக்கும் அநீதி எல்லா இடத்து நீதிக்கும் ஆபத்து என்று அதில் வரும் வரியைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு அதற்கு முன்னால் வரும் பகுதிதான் முக்கியம். அவர் எடுத்த எடுப்பில் சொன்ன பதில் தத்துவம் இல்லை, விவரம். எங்கள் அமைப்போடு இணைந்த உள்ளூர் அமைப்பு எங்களைக் கூப்பிட்டது, அதனால் வந்தேன் என்கிறார். அந்த உள்ளூர் அமைப்பை நடத்திய ஃப்ரெட் ஷட்டில்ஸ்வொர்த், 1956 கிறிஸ்துமஸ் இரவில் தன் வீட்டுக்கு வைத்த வெடிகுண்டிலிருந்து தப்பியவர். அதற்குப் பிறகும் அந்த ஊர்ப் போராட்டத்தைக் கைவிடாதவர். அப்படிப்பட்டவர் கூப்பிட்டு ஒருவர் வந்தால் அவரை வெளியாள் என்று சொல்ல முடியாது.

எங்கள் தொழிலிலும் கேள்வி இதுதான். இவரை யார் கூப்பிட்டார்கள்? கூப்பிட்டவர் "போதும், கிளம்புங்கள்" என்றால் கிளம்பிவிடுவாரா? இரண்டாவது கேள்விதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

உங்கள் கடிதத்தில் ஓர் இடம் எனக்கு நெருடியது. எட்டு நிமிடம் பேசினார் என்று அவர் மேல் கோபப்படுகிறீர்கள். சரி, பேசவிட்டது யார்? கடிகாரம் வாரியத் தலைவர் கையில் இருக்கிறது. இப்படிப்பட்ட கூட்டங்களில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான்: வெளியிலிருந்து வந்த குரல் பெரிதாக இருந்தால் மேடையில் இருப்பவர்கள் பயந்துகொண்டு விட்டுவிடுவார்கள். அடுத்து எழுந்து தட்டுத்தடுமாறிப் பேசுகிற உள்ளூர்த் தாயை மூன்றாவது நிமிடத்தில் மணியடித்து உட்காரவைப்பார்கள். பிரதிநிதிகள் தாங்களாக முளைக்கிறார்கள் என்று நினைக்கிறோம். தண்ணீர் ஊற்றுவது பெரும்பாலும் நிறுவனங்கள்.

உங்கள் மாநிலத்திலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. 2007 ஏப்ரல் 4 அன்று, டான் ஐமஸ் என்ற வானொலித் தொகுப்பாளர் ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணியை இனத்தையும் பெண்மையையும் சேர்த்துக் கொச்சையாகப் பேசினார். முந்தைய இரவுதான் அந்தப் பெண்கள் தேசிய இறுதிப்போட்டியில் தோற்றிருந்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் ஐமஸ் எங்கே போனார்? ஏப்ரல் 9 அன்று, கறுப்பின உரிமைச் செயற்பாட்டாளரும் மதபோதகருமான அல் ஷார்ப்டனின் வானொலி நிகழ்ச்சிக்குப் போனார். பழிச்சொல் கேட்டது அந்தப் பெண்கள். மன்னிப்புக் கேட்கப் போனது வேறொருவர் வாசலுக்கு. மறுநாள் அந்தப் பெண்கள் தாங்களே பத்திரிகையாளர்கள் முன்னால் உட்கார்ந்து நிதானமாகப் பேசினார்கள். ஐமஸை நேரில் சந்திக்கவும் ஒப்புக்கொண்டார்கள். 12-ம் தேதி பிற்பகல் சிபிஎஸ் நிறுவனம் அவரை வேலையைவிட்டு நீக்கியது. அன்று இரவுதான் பிரின்ஸ்டனில் ஆளுநர் மாளிகையில் அணியினர் அவரைச் சந்தித்தார்கள்.  பாதிக்கப்பட்டவர்கள் வாய் திறந்து அவரிடம் பேசுவதற்கு முன்பே தண்டனை முடிவாகிவிட்டது. ஐமஸின் வேலையைப் பறிக்கச் சொல்லி நாங்கள் கேட்கவே இல்லை என்று பயிற்சியாளர் விவியன் ஸ்ட்ரிங்கர் அப்புறம் சொன்னார். அணி அவருடைய மன்னிப்பை ஏற்றுக்கொண்டது.

வேலைநீக்கம் சரியா தவறா என்பது வேறு பேச்சு. எனக்கு அது அதிகம் என்று தோன்றவில்லை. ஆனால் அந்த ஒரு வாரத்தைப் பார்த்தால் பிரதிநிதி எப்படி உருவாகிறார் என்று புரியும். செய்தி அறைக்கு மாலைக்குள் ஒரு முகம் வேண்டும். குடும்பம் அதிர்ச்சியில் இருக்கும், வழக்கறிஞர் பேசாதே என்பார். தப்புச் செய்தவருக்கோ சீக்கிரம் ஒரு மன்னிப்பு வேண்டும். எல்லாருக்கும் தெரிந்த ஒருவர் இருந்தால் எல்லாருக்கும் வசதி. பாதிக்கப்பட்ட பத்துப் பேரோடு தனித்தனியாகப் பேசுவதைவிட ஒரு பெயரோடு பேசி முடிப்பது சுலபம். கல்யாண வீடானால் மாப்பிள்ளை, சாவு வீடானால் பிணம் என்று இருக்க ஆசைப்படுகிறவர் எந்தச் சமூகத்திலும் உண்டு. மணமேடையில் அவருக்கு இடம் ஒதுக்கிக் கொடுப்பவர்களைத்தான் நாம் கவனிப்பதில்லை.

கேமராவே இல்லாமல் இனத் தகராறுகளைப் பேசித் தீர்க்க முடியும் என்று அமெரிக்க அரசே ஒரு காலத்தில் நம்பியது. 1964 குடிமை உரிமைச் சட்டத்தின் பத்தாவது பிரிவு, இனத் தகராறுகளில் சமரசம் பேசுவதற்கென்று ஒரு துறையை உருவாக்கியது. அதன் ஊழியர் ரகசியமாகக் கேட்டதை வெளியே சொன்னால் ஆயிரம் டாலர் வரை அபராதம் அல்லது ஓராண்டு வரை சிறை என்று அந்தச் சட்டமே சொல்கிறது. வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் வேலை.

இனி கெடுதல் பக்கம். 1987 நவம்பரில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு சிறிய ஊரில், 15 வயதுக் கறுப்பினச் சிறுமி ஒருத்தி குப்பைப் பையில் கிடந்தாள். உடம்பில் இனவெறி வார்த்தைகள் எழுதப்பட்டிருந்தன. வெள்ளையர்கள் கடத்திப்போய்ப் பாலியல் வன்முறை செய்தார்கள் என்று புகார். அல் ஷார்ப்டனும் இரண்டு வழக்கறிஞர்களும் குடும்பத்தின் ஆலோசகர்களாக வந்தார்கள். விசாரணைக்கு ஒத்துழைக்க வேண்டாம் என்று குடும்பத்துக்குச் சொன்னார்கள். ஓர் உதவி அரசு வழக்கறிஞரின் பெயரைச் சொல்லி, அவர்தான் குற்றவாளி என்று பகிரங்கமாக அறிவித்தார்கள். 1988 அக்டோபரில், ஆதாரம் இருக்கிறதா என்று பார்க்கும் குடிமக்கள் குழுவான கிராண்ட் ஜூரி, கடத்தலோ தாக்குதலோ நடந்ததற்கு ஆதாரமில்லை என்று முடிவு சொன்னது. அந்த உதவி அரசு வழக்கறிஞர் அவதூறு வழக்குப் போட்டார். 1998-ல் மூவரும் சேர்ந்து 3,45,000 டாலர் தர வேண்டும் என்று தீர்ப்பானது. அதில் ஷார்ப்டனின் பங்கு 65,000. அதையும் அவருடைய வசதியான ஆதரவாளர்கள்தான் பின்னாளில் கட்டினார்கள்.

இதில் யார் யார் என்ன இழந்தார்கள் என்று பாருங்கள். குற்றம் சாட்டப்பட்டவர் பத்து வருடம் இழந்தார். ஷார்ப்டன் அதன் பிறகும் ஜனாதிபதி வேட்பாளர் போட்டியில் நின்றார், தொலைக்காட்சியில் சொந்த நிகழ்ச்சி நடத்தினார். அந்தச் சிறுமிக்கு என்ன நடந்தது, அவள் எதற்காக அந்த நிலையில் கிடந்தாள் என்பதை நிதானமாகக் கேட்கக்கூடிய நேரம் மைக்குகளுக்கு நடுவில் போய்விட்டது. தப்பான பிரதிநிதியால் முதலில் அடிபடுவது எதிர்த்தரப்பு என்று நாம் நினைக்கிறோம். அவர் யாருக்காகப் பேசுவதாகச் சொன்னாரோ அவர்தான் முதலில் அடிபடுகிறார்.

அதே ஷார்ப்டனின் இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. 2012 பிப்ரவரி 26 அன்று ஃப்ளோரிடாவில் சான்ஃபோர்ட் என்ற ஊரில், ட்ரேவான் மார்ட்டின் என்ற 17 வயதுப் பையனை அக்கம்பக்கக் கண்காணிப்பில் இருந்த ஒருவர் சுட்டுக் கொன்றார். போலீஸ் அவரைக் கைது செய்யவில்லை. பெற்றோர் பெஞ்சமின் க்ரம்ப் என்ற வழக்கறிஞரைத் தேடிப்போனார்கள். அவர் வழியாக ஷார்ப்டன் வந்தார், கூட்டங்கள் நடந்தன, நாடு முழுக்கப் பேச்சானது. ஆறு வாரங்களுக்கு மேல் கழித்து, தனியாக நியமிக்கப்பட்ட அரசு வழக்கறிஞர் குற்றச்சாட்டுப் பதிவு செய்தார். 2013 ஜூலையில் ஜூரி சுட்டவரை விடுவித்தது. அது வேறு விஷயம். விசாரணை என்று ஒன்று நடந்ததே அந்தச் சத்தத்தால்தான். அங்கே குடும்பம் கூப்பிட்டது, குடும்பம் கூடவே நின்றது, கேட்டது ஒன்றே ஒன்று: கைது செய்து விசாரியுங்கள். ஆள் ஒருவர்தான், 1987-லும் 2012-லும். அதனால்தான் முகத்தைப் பார்த்து நல்லவர் கெட்டவர் என்று முடிவெடுக்காதீர்கள் என்கிறேன். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டீர்கள். நான் முதலில் கவனிப்பது கோரிக்கையை. "இந்தப் புகாரை இத்தனை நாளுக்குள் விசாரித்து முடிவைக் குடும்பத்துக்குச் சொல்லுங்கள்" என்பது நிறைவேற்றக்கூடிய கோரிக்கை. நிறைவேறினால் பேசியவர் வீட்டுக்குப் போகலாம். "இந்த அமைப்பே அழுகிவிட்டது" என்பது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அதற்கு முடிவு கிடையாது, பேசியவரும் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. அடுத்தது, "நாங்கள்" என்று சொல்கிறாரே, அந்த நாங்கள் யார் என்று பார்ப்பேன். கறுப்பின மக்களின் உரிமைக்காக 1909-ல் தொடங்கிய என்ஏஏசிபி போன்ற அமைப்புக்குக் கிளைகள் உண்டு, சந்தா கட்டும் உறுப்பினர்கள் உண்டு, கிளைத் தலைவரை வாக்குப் போட்டு மாற்றலாம். தன் பெயரிலேயே அமைப்பு வைத்திருப்பவரை அப்படி மாற்ற முடியாது.

பணத்தையும் பாருங்கள். கூச்சப்பட வேண்டாம். வரிவிலக்குப் பெற்ற தொண்டு நிறுவனங்கள் பெரும்பாலும் படிவம் 990 என்ற கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். அதை யாரும் பார்க்கலாம். 2020-ல் பிளாக் லைவ்ஸ் மேட்டர் பெயரிலான தேசிய அறக்கட்டளைக்கு சுமார் 9 கோடி டாலர் வந்தது. அந்த நவம்பர் கடைசியிலேயே பத்து உள்ளூர்க் கிளைகள் சேர்ந்து, முடிவுகளை யார் எடுக்கிறார்கள், பணம் எங்கே போகிறது என்று கேட்டு அறிக்கை விட்டன. கலிஃபோர்னியாவில் சுமார் 60 லட்சம் டாலருக்கு அறக்கட்டளைப் பணத்தில் ஒரு வீடு வாங்கியது பின்னால் வெளிவந்தது. இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர்கள் எதிரிகள் இல்லை. தெருவில் நின்ற அதே இயக்கத்துக்காரர்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் நான் கேட்க வேண்டும். "நானும் கறுப்பினத்தவன்தான், இங்கே இனவெறியெல்லாம் ஒன்றுமில்லை, எல்லாம் மிகைப்படுத்தல்" என்று சொல்ல ஒருவர் டிவியில் வந்து உட்கார்வார், பார்த்திருப்பீர்கள். அவரையும் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அவருக்கும் கட்டணம் உண்டு, கூட்டம் உண்டு. அவரைப் பார்த்து இந்தக் கேள்வி உங்களுக்கு எழுந்ததுண்டா? என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு எழுவதில்லை. கருத்துப் பிடித்திருந்தால் தகுதிச் சான்றிதழ் கேட்பதில்லை. இந்த எரிச்சலில் எவ்வளவு அவர் பிரதிநிதியாக வந்த விதத்தின் மேல், எவ்வளவு அவர் சொன்ன கருத்தின் மேல் என்று ஒரு தடவை பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குப் பதில் எழுத வேண்டியதில்லை.

இப்போது உங்கள் பள்ளிக்கு வருவோம். மைக் பிடித்தவர் எப்படிப்பட்டவராக இருந்தாலும் அந்தச் சிறுமிக்கு நடந்தது நடந்ததுதான், அல்லது நடக்காதது நடக்காததுதான். அவரால் அது கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவரைப் பிடிக்காததால் புகாரும் பொய்யாகத்தான் இருக்கும் என்று மனம் தானாகச் சாயும். அங்கேதான் கவனம் வேண்டும். அந்த அம்மா மடியில் ஃபைல் வைத்திருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். இப்படிப்பட்ட ஃபைல்களில் வழக்கமாக என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கு அனுப்பிய மின்னஞ்சல்கள், தேதி வாரியாக அச்செடுத்தவை. "உங்கள் செய்தி கிடைத்தது, நன்றி" என்ற பதில்கள். யாரோ ஒருவரோடு தொலைபேசியில் பேசியது பற்றிக் கையால் எழுதிய குறிப்பு. பிள்ளையின் போனிலிருந்து எடுத்த படங்கள். அவர் பேசாமல் இருந்ததற்குப் பயம், சோர்வு, வழக்கறிஞர் சொன்னது என்று எதுவும் காரணமாக இருக்கலாம். அந்த ஆளை அவரே கூப்பிட்டிருக்கவும் கூடும். பள்ளி பதிலே சொல்லாதபோது சத்தமாகப் பேசத் தெரிந்த ஒருவரைத் தேடிப்போவது எந்தத் தாயும் செய்யக்கூடியது. அவர் மௌனமாக இருந்தார் என்பதை வைத்து அவருக்கு அந்தப் பேச்சில் சம்மதமில்லை என்று நீங்கள் முடிவுகட்டினால், நீங்களும் அவருக்காகப் பேசுகிறீர்கள் என்று ஆகிவிடும்.

நியூ ஜெர்சியில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 2011-ல் கையெழுத்தான கொடுமைப்படுத்தல் எதிர்ப்புச் சட்டப்படி, இனத்தைக் காட்டி ஒரு மாணவியை இழிவுபடுத்தியதாகப் புகார் வந்தால் பள்ளியின் பொறுப்பாளர் பத்துப் பள்ளி நாட்களுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும். முடிவு வாரியத்துக்குப் போக வேண்டும். சம்பந்தப்பட்ட பிள்ளைகளின் பெற்றோருக்கு எழுத்தில் தகவல் தர வேண்டும். பொதுமக்களுக்குத் தரக்கூடாது, அது பிள்ளைகளின் அந்தரங்கம். ஆகவே கூட்டத்தில் சூப்பரின்டென்டென்ட் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் அது மூடிமறைப்புக்கும் சாட்சி இல்லை, நிரபராதத்துக்கும் சாட்சி இல்லை. பள்ளி மாவட்டம் முழுக்க இப்படி எத்தனை புகார்கள், எத்தனை உறுதியாயின என்பதை வருடத்துக்கு இரண்டு தடவை பொதுக் கூட்டத்தில் அவர் சொல்லியாக வேண்டும். அந்த அறிக்கையை நீங்கள் கேட்டு வாங்கலாம். பத்து நாள் கெடுவை மாவட்டம் வழக்கமாகக் கடைப்பிடிக்கிறதா என்று கேட்கலாம். இதற்கு யாருடைய பிரதிநிதியாகவும் இருக்க வேண்டியதில்லை. அங்கே படிக்கும் ஒரு பிள்ளையின் அப்பா என்பது போதும்.

அந்த வாட்ஸப் அறிக்கையை வாசிக்காதீர்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. நல்லதாகவே இருந்தாலும் என் பதில் இதுதான். "ஆசியப் பெற்றோர் சார்பாக" என்று ஆரம்பித்த நொடியில், போன கூட்டத்தில் உங்களை எரிச்சல்படுத்திய நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்துவிடுகிறீர்கள். உங்கள் ஊரில் கொரியக் குடும்பங்கள் இருக்கும், பாகிஸ்தானியர், பிலிப்பினோக்கள் இருப்பார்கள், அந்தக் குழுவிலேயே இல்லாத தமிழர்கள் இருப்பார்கள். அவர்களைக் கேட்டது யார்? நம் பெயரில் மற்றவர்கள் பேசுவதும் புதிதில்லை. ஹார்வர்டு சேர்க்கையில் ஆசிய மாணவர்களுக்கு அநீதி என்று 2014-ல் வழக்குப் போட்ட அமைப்பைத் தொடங்கியவர் எட்வர்ட் ப்ளம். அவர் மாணவரும் இல்லை, ஆசியரும் இல்லை. 2023 ஜூனில் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார். அந்தத் தீர்ப்பால் மகிழ்ந்த ஆசியரும் உண்டு, நம்மைக் கருவியாகப் பயன்படுத்திவிட்டார்கள் என்று கொதித்த ஆசியரும் உண்டு. அதே வருடம் கலிஃபோர்னியாவில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்யும் மசோதா வந்தபோது இரண்டு பக்கமும் இந்தியர்கள் வரிசையில் நின்று பேசினார்கள். இரண்டு பக்கமும் "எங்கள் சமூகம்" என்றார்கள். அக்டோபரில் ஆளுநர் அதை நிராகரித்தார். அந்த வரிசையில் நின்றவர்களில் யாராவது உங்களைக் கேட்டார்களா? உங்கள் அமெரிக்கச் சக ஊழியர் ஒருவர் அன்று வந்து, "உங்கள் தலைவர்கள் ஏன் இப்படிப் பேசுகிறார்கள்?" என்று கேட்டிருந்தால் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

குழுவில் இப்படிச் சொல்லுங்கள்: நான் வருகிறேன், என் பெயரில் பேசுகிறேன், விருப்பமிருப்பவர்கள் அவரவர் பெயரில் பேசட்டும். நியூ ஜெர்சியில் பள்ளி வாரியக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்குவது சட்டப்படி கட்டாயம், அதனால் வாய்ப்பு எல்லாருக்கும் உண்டு. முன்பே போய்ப் பெயர் எழுதிக்கொடுங்கள். மூன்று நிமிடத்தில் மூன்று விஷயம் பேச முடியாது, ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சிறுமியின் பெயரையோ சம்பவத்தையோ எடுக்காதீர்கள், அது உங்களுடையது இல்லை. அந்த அம்மாவை அங்கே பார்த்தால் போய் வணக்கம் சொல்லுங்கள். "உங்களுக்கு ஏதாவது உதவி தேவையென்றால் சொல்லுங்கள், என் மகளும் இங்கேதான் படிக்கிறாள்" என்பது போதும். அந்த ஆள் யார், நீங்கள் கூப்பிட்டீர்களா என்று விசாரிக்கப் போகாதீர்கள்.

நண்பர் விஷயம். நீங்கள் கேட்டதில் அவரைக் குத்தியது "உங்கள் தலைவர்கள்" என்ற பகுதிதான். ஷார்ப்டனோ கூட்டத்தில் மைக் பிடித்தவரோ அவருக்குப் பிடித்தவராகக்கூட இல்லாமல் இருக்கலாம். பல வருடங்களாக யார் யாரோ செய்ததற்கெல்லாம் சாப்பாட்டு மேஜையில் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிற களைப்பு அது. வெள்ளைச் சக ஊழியரிடம் ஒரு வெள்ளை அரசியல்வாதியைக் காட்டி "உங்கள் தலைவரை யார் தேர்ந்தெடுத்தது?" என்று நீங்கள் கேட்கப்போவதில்லை.

தனியாக இருக்கும்போது இரண்டு வாக்கியத்தில் முடியுங்கள். அன்றைக்கு நான் கேட்டது சரியில்லை, யாரோ ஒருவருக்காக உங்களைப் பதில் சொல்லச் சொன்னேன், மன்னியுங்கள். அவ்வளவுதான். பள்ளியில் நடந்த கதையை விளக்க வேண்டாம், உங்கள் நோக்கம் நல்லது என்று நிரூபிக்க வேண்டாம். இந்தக் கடிதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டாம். முக்கியமாக, "சரி, அப்படியானால் நீங்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டு மறுபடியும் அவரையே பிரதிநிதியாக்கிவிடாதீர்கள். நினைப்பதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றினால் அவரே சொல்வார். "பரவாயில்லை, விடுங்கள்" என்று சொன்னால் நீங்களும் விட்டுவிடுங்கள், ஒன்றிரண்டு வாரம் கொஞ்சம் ஒட்டாமல்தான் இருக்கும்.